வயல் கேள்வி–பதில்: வைக்கோலோடு வண்டியேறும் பொட்டாஷ்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உரத்தைப் பற்றியவை. பூச்சி, நோய்க் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, மண்ணுக்குள் போவதையும் மண்ணிலிருந்து வருவதையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். அளவுகள் எல்லாம் ஏக்கருக்கு, அதாவது மூன்று மாவுக்கு.

கே: சம்பாவில் மாவுக்கு 12 மூட்டை காண்கிறது (60 கிலோ மூட்டை). ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா, ஒரு மூட்டை டிஏபி போடுகிறோம். பொட்டாஷ் போடுவதில்லை, காவிரி மண்ணிலேயே அது இருக்கிறது என்று அப்பா சொல்வார். அறுத்த கையோடு வைக்கோலைக் கட்டுப்போட்டு விற்றுவிடுகிறோம். நாங்கள் செய்வது சரியா? – திருவிடைமருதூர் வாசகர்

ப: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஏக்கருக்கு 36 மூட்டை என்றால் 2,160 கிலோ நெல். ஒரு டன் நெல் விளைய, பயிர் முழுவதுமாக (தாள், கதிர் சேர்த்து) மண்ணிலிருந்து ஏறக்குறைய 17–18 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), 7 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), 20 கிலோ சாம்பல்சத்தும் (பொட்டாசியம்; பொட்டாஷ் உரம் தருவது இதைத்தான்) எடுக்கிறது. உங்கள் விளைச்சலுக்குத் தழைச்சத்து 38, மணிச்சத்து 15, சாம்பல்சத்து 43 கிலோ. இது செலவு.

வரவு: 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. மூன்று மூட்டைக்கு 62. டிஏபி மூட்டை 50 கிலோ. அதில் தழைச்சத்து 9, மணிச்சத்து 23. ஆகத் தழைச்சத்து 71, மணிச்சத்து 23, சாம்பல்சத்து பூஜ்யம்.

தழைச்சத்தில் செலவைப்போல் இரண்டு மடங்கு வரவு இருப்பதாகத் தெரிகிறதே என்று யூரியாவைப் பாதியாக வெட்டிவிடாதீர்கள். தண்ணீர் கட்டிய வயலில் போட்ட யூரியாவில் பயிருக்குச் சேர்வது நூற்றுக்கு 30 முதல் 40 வரைதான். மீதி அம்மோனியாவாக ஆவியாகிறது, அல்லது வயல் காய்ந்து நனையும்போது நைட்ரேட்டாக மாறிக் காற்றோடு போகிறது. பயிருக்கு வேண்டியதில் பெரும்பங்கை மண்ணின் மட்குதான் தருகிறது. பொதுப் பரிந்துரை 60:20:20 (தழை, மணி, சாம்பல்சத்து, கிலோவில்). நீங்கள் 71 போடுகிறீர்கள். 11 கிலோ கூடுதல். அரை மூட்டை யூரியாவைத் தயங்காமல் குறைக்கலாம். குறைத்ததை விட முக்கியம் போடும் விதம்: நடவின்போது, தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று நான்கு சம பாகம். கதிர் உருவாகும் தருணம் என்பது அறுவடைக்கு 65 நாள் முன்பு. எந்த ரகமானாலும் பின்னோக்கி எண்ணினால் சரியாக வரும்.

மணிச்சத்து ஆண்டுக்கு 8 கிலோ மிச்சம். இது ஆவியாகாது, ஓடாது, மண்ணிலேயே சேரும். இப்படிப் பல போகம் சேர்ந்த வயலில் டிஏபியைப் பாதியாக்கினாலும் விளைச்சல் இறங்காது. மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்று வந்திருந்தால் தைரியமாகக் குறையுங்கள்.

இனி அப்பா சொன்ன பொட்டாஷ். அவர் சொன்னது அவர் காலத்துக்குச் சரி. நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் நூற்றுக்கு 85 பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது, நெல்மணியில் இல்லை. அன்றைக்கு வைக்கோல் வீட்டுப் போரில் ஏறி, மாட்டின் வயிற்றில் இறங்கி, சாணமாக அதே வயலுக்குத் திரும்பியது. உங்கள் வயலில் இன்று அது லாரி ஏறிப் போகிறது. 37 கிலோ சாம்பல்சத்து என்றால் 62 கிலோ பொட்டாஷ் உரம். ஒரு மூட்டைக்கும் மேல். வைக்கோல் விலையைப் பேசும்போது அந்த ஒரு மூட்டையின் விலையையும் கழித்துப் பாருங்கள்.

பழைய டெல்டாவின் களிமண் தன் அடுக்குகளுக்கு இடையே பிடித்துவைத்திருக்கும் சாம்பல்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால் பல ஆண்டுகள் பொட்டாஷ் போடாமலே ஓட்டிவிடலாம். குறை வெளியே தெரியாது. தெரியும்போது முதலில் இலையில் தெரியாது, தண்டில் தெரியும்: கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றுக்கே படுத்துவிடும். செம்புள்ளி நோய் கூடும். அதற்குப் பின்தான் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பேறும்.

செய்ய வேண்டியது: வைக்கோலை விற்பதானால் பொட்டாஷ் 33 கிலோ பரிந்துரையைக் குறைக்காமல், பாதி அடியுரமாகவும் பாதி கதிர் உருவாகும் தருணத்திலும் போடுங்கள். அதுவும் போவதை முழுக்க ஈடுகட்டாது. மூன்று போகத்துக்கு ஒரு முறையாவது வைக்கோலை வயலிலேயே விடுங்கள்.

கே: குறுவையை மிஷினில் அறுத்தோம். தாளும் வைக்கோலும் முழங்கால் உயரம் கிடக்கிறது. தாளடி (குறுவைக்கு அடுத்த நெல்) நட மூன்று வாரம்கூட இல்லை. கொளுத்திவிட்டு உழுதால் என்ன? – வலங்கைமான் வாசகர்

ப: கொளுத்தினால் வைக்கோலில் உள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும், கந்தகத்தில் பெரும்பங்கும் புகையாகப் போய்விடும். சாம்பல்சத்து தங்கும், ஆனால் காற்றும் முதல் தண்ணீரும் அதை வயலின் ஒரு மூலைக்குத் தள்ளும். வயலில் திட்டுத்திட்டாகப் பயிர் கருத்து நிற்பது பெரும்பாலும் அந்தச் சாம்பல் குவிந்த இடம்.

கொளுத்தாமல் செய்ய முடியும். மிஷின் பின்னால் வைக்கோல் வரிசையாக விழுந்திருக்கும். முதல் வேலை அதை வயல் முழுக்க உதறிப் பரப்புவது. இதைச் செய்யாமல் உழுதால் வரிசை விழுந்த இடத்தில் சுருண்டு அழுகும். அந்த வரிசையில் நட்ட பயிர் மட்டும் மஞ்சளாக நிற்கும். பரப்பியபின் தண்ணீர் கட்டி, கேஜ் வீல் (டிராக்டரின் இரும்புச் சக்கரம்) போட்டோ ரோட்டவேட்டர் விட்டோ மிதித்து, முதல் சேற்றுழவிலேயே 9 கிலோ யூரியா தூவுங்கள். நடவுக்குக் குறைந்தது 10 நாள் முன்பு இது முடிய வேண்டும்.

யூரியா எதற்கு? வைக்கோலில் கரிமம் அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அறுபது, எழுபதுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். வைக்கோலில் கிடைக்காததால் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், நாற்றுக்குப் போட்டதையும் எடுத்துக்கொள்ளும். அவை செத்தபின் திரும்பக் கிடைக்கும்தான். ஆனால் தூர் கட்டும் மூன்று வாரம் போய்விட்டிருக்கும். அந்த 9 கிலோ அவற்றுக்கான முன்பணம்.

நாள் போதவே போதாது என்றால் மேலே கிடக்கும் வைக்கோலை மட்டும் அள்ளிவிட்டு, நிற்கும் தாளை மடக்கி உழுங்கள். கொளுத்துவதைவிட அது மேல்.

கே: தக்கைப்பூண்டு நன்றாக, ஆள் உயரத்துக்கு வந்தது. மடக்கி உழுது நான்காம் நாள் நட்டோம். பத்து நாளாகியும் பயிர் பச்சை பிடிக்கவில்லை. வயலில் கால் வைத்தால் குமிழ் வருகிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. பசுந்தாள் உரம் மண்ணுக்கு நல்லது என்றுதானே போட்டோம்? – நீடாமங்கலம் வாசகர்

ப: பசுந்தாள் கெடுக்கவில்லை, முற்றியதும் அவசரமும்தான் கெடுத்தன. தக்கைப்பூண்டை 45 நாளில், பூவெடுக்கும்போது மடக்க வேண்டும். ஆள் உயரம் என்றால் 60 நாளைத் தாண்டியிருக்கும்; தண்டு கட்டையாகிவிட்டது. இளஞ்செடி ஒரு வாரத்தில் கரையும். கட்டைத் தண்டு வைக்கோலின் குணத்துக்கு வந்துவிடும்.

காற்றில்லாத சேற்றில் இவ்வளவு தழை ஒரே நேரத்தில் அழுகும்போது கரிம அமிலங்களும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. நாற்றம் அதுதான். ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ துருப்படிந்த செம்பழுப்பாகவோ இருக்கும். கறுத்து, உருவினால் தோல் கழன்று வந்தால் வேர் அடிபட்டிருக்கிறது. அந்த வேரால் எதையும் உறிஞ்ச முடியாது. மஞ்சளைப் பார்த்து யூரியா போடுவது இந்த நேரத்தில் வீண்.

உடனே தண்ணீரை வடித்துவிடுங்கள். மூன்று நாள், மண்ணில் மயிரிழை வெடிப்பு காணும்வரை காயப் போடுங்கள். அதற்குமேல் விட்டால் களிமண் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். பிறகு புதுத்தண்ணீர் விடுங்கள். நாற்றம் தொடர்ந்தால் ஒரு வாரம் கழித்து மறுமுறை. புது வெள்ளை வேர் கண்ணில் பட்டபின்தான் மேலுரம்.

அடுத்த ஆண்டுக்கு: விதை 20 கிலோ. அடர்த்தியாக விதைத்தால்தான் தண்டு மெலிந்து தழை கூடும். விதையில் மிச்சம் பிடித்தால் விறகுதான் கிடைக்கும். நெல்லுக்கு அடியுரமாகப் போடவிருக்கும் சூப்பர் பாஸ்பேட்டைத் தக்கைப்பூண்டு விதைக்கும்போதே போட்டுவிடலாம். அது வேர்முடிச்சைப் பெருக்கும், மடக்கியபின் அதே மணிச்சத்து நெல்லுக்கும் வரும். மடக்கும்போது வயலில் ஓரிரு அங்குலம் தண்ணீர் போதும். மடக்கியதற்கும் நடவுக்கும் 7 முதல் 10 நாள் இடைவெளி. 45 நாளில் 6 முதல் 8 டன் பசுந்தழை வந்திருந்தால் அதில் 30 முதல் 40 கிலோ தழைச்சத்து இருக்கும். அடியுர யூரியாவை அந்தப் போகத்தில் விட்டுவிடலாம்.

நேரம் எப்போது என்பதுதான் டெல்டாவில் சிக்கல். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து, ஒருபோகச் சம்பா மட்டும் செய்யும் வயல் என்றால் கவலையில்லை. ஆற்றுத் தண்ணீர் வந்ததும் விதைத்து ஆகஸ்டில் மடக்கலாம். குறுவை செய்யும் வயலில், சித்திரைக் கோடைமழையை நம்பி விதைக்க வேண்டும். தண்ணீருக்கு வழியில்லாத வயலுக்குக் கொளுஞ்சி பொருத்தம்: வறட்சி தாங்கும், மாடு கடிக்காது, விதை 6–8 கிலோ போதும். ஆனால் விதைத்தோல் கெட்டி. கைபொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் (55 டிகிரி) இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்தோ, மணலோடு சேர்த்துத் தேய்த்தோ விதைக்க வேண்டும். மடக்க 60 நாள் ஆகும்.

கே: நட்டு 20 நாள். அடி இலைகளில் துருப்பிடித்தாற்போல் புள்ளி. இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுத்திருக்கிறது. வயல் முழுக்க இல்லை, திட்டுத்திட்டாக. யூரியா போட்டும் தேறவில்லை. – குத்தாலம் வாசகர்

ப: துத்தநாகக் குறை. நீங்கள் எழுதிய மூன்று அடையாளமும் (இரண்டு மூன்று வாரத்தில் வருவது, இளம் இலையின் நடுநரம்பு வெளுப்பு, திட்டுத்திட்டாக நிற்பது) சேர்ந்தால் வேறெதுவும் இல்லை. தழைச்சத்துக் குறையானால் அடி இலை ஒரே சீராக மஞ்சளாகும், துரு இருக்காது. கந்தகக் குறையானால் இளம் இலை முதலில் மஞ்சளாகும். சாம்பல்சத்துக் குறை இலை ஓரத்திலிருந்து தொடங்கும்.

தண்ணீர் நின்றாலே மண்ணில் துத்தநாகம் கிடைப்பது குறைகிறது. மணிச்சத்துக்கு நேர் எதிர் இது: தண்ணீர் நின்றால் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்து விடுபடும், துத்தநாகம் ஒளிந்துகொள்ளும். வருடக்கணக்காக டிஏபி சேர்ந்த வயலில் இந்தக் குறை கூடுதல்.

இப்போதைக்குத் தெளிப்புதான்: 200 லிட்டர் தண்ணீரில் ஜிங்க் சல்பேட் 1 கிலோ, யூரியா 2 கிலோ. இலை இரு பக்கமும் நனைய, மாலையில். 15 நாள் கழித்துக் குறி மறையாவிட்டால் மறுபடி.

அடுத்த போகத்தில் நடவுக்குச் சற்று முன், பரம்படித்தபின் (சேற்றைச் சமன்செய்தபின்), ஜிங்க் சல்பேட் 10 கிலோவை 20 கிலோ உலர்ந்த மணலில் கலந்து மேலாகத் தூவுங்கள். சேற்றுக்குள் உழுதுவிடக் கூடாது. டிஏபியோடு ஒரே கூடையில் கலந்து வீசுவது பலர் செய்யும் தவறு: இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும், இரண்டுமே பாழ். டிஏபி கடைசி உழவில், ஜிங்க் அதற்குப் பின். பசுந்தாள் மடக்கிய வயலுக்குப் பாதி, 5 கிலோ, போதும்.

கே: சம்பா அறுவடைக்கு முன் தெளிக்கும் உளுந்து மண்ணில் தழைச்சத்தை ஏற்றும் என்கிறார்கள். அப்படியானால் அடுத்த குறுவைக்கு எவ்வளவு யூரியா குறைக்கலாம்? – கொரடாச்சேரி வாசகர்

ப: நினைப்பதைவிடக் கொஞ்சம்தான்.

உளுந்தின் வேர்முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது உண்மை. பிடித்ததைச் செடி எங்கே வைக்கிறது என்பதுதான் கேள்வி. உளுந்தில் 24 விழுக்காடு புரதம். அதில் தழைச்சத்து 4 விழுக்காட்டை ஒட்டி வரும். 300 கிலோ உளுந்து எடுத்தால் 11–12 கிலோ தழைச்சத்து மூட்டையில் வீட்டுக்கு வந்துவிட்டது. மீதி இலை, தண்டு, வேரில் இருக்கிறது. நம் பக்கத்தில் உளுந்தை வேரோடு பிடுங்கிக் களத்தில் போட்டு அடிக்கிறோம். வேரும் முடிச்சும் வயலைவிட்டு வெளியேறிவிட்டன. அடித்தபின் மிஞ்சுவது மாட்டுக்குப் போகிறது. வயலில் நிற்பது உதிர்ந்த இலை மட்டும்.

பிடுங்காமல் அரிவாளால் தரையொட்டி அறுங்கள். அடித்த செடியை வயலுக்கே திருப்பிப் பரப்பி, முதல் கோடைமழையில் உழுங்கள். அப்போதுதான் அடியுரத்தில் 10 முதல் 15 கிலோ யூரியா குறைக்கும் பேச்சு. பிடுங்கும் வழக்கம் தொடர்ந்தால் குறைக்காதீர்கள்.

உளுந்தே சரியாகக் காய்க்காத வயலும் உண்டு. உழாத சேற்று மெழுகில் தெளிப்பதால் அடியுரம் கொடுக்க வழியில்லை. சம்பாவுக்குப் போட்டதில் கிடந்த மணிச்சத்தும் வயல் காய்ந்ததும் மறுபடி இறுகிவிடும். அதனால்தான் இலைவழி டிஏபி. 4 கிலோ டிஏபியை 20 லிட்டர் தண்ணீரில் இரவே ஊறவைத்து, காலையில் தெளிந்ததை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று. வண்டலோடு ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைக்கும். உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும்.

கே: இலை வண்ண அட்டை ஒன்று கொடுத்தார்கள். எப்படிப் பார்ப்பது? – பாபநாசம் வாசகர்

ப: நட்டு 14-ஆம் நாள் தொடங்கி வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள். வயலில் 10 குத்துகள். ஒவ்வொன்றிலும் மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையின்மேல் வைத்து ஒப்பிடுங்கள். இலையைக் கிள்ளக் கூடாது. வெயில் அட்டையில் விழாமல் உங்கள் நிழலிலேயே பாருங்கள். வெயிலில் பார்த்தால் இலை வெளிறித் தெரியும், தேவையில்லாமல் யூரியா போடுவீர்கள். முதல் நாள் பார்த்தவரே கடைசிவரை பார்ப்பது நல்லது.

பத்தில் ஆறு இலை 4-ஆம் நிறத்துக்குக் கீழே இருந்தால் மேலுரம். வெள்ளைப் பொன்னி போன்ற, தழைச்சத்து கூடினால் சாயும் ரகங்களுக்கு 3-ஆம் நிறம். சம்பா, தாளடிக்கு ஒரு தடவைக்கு 26 கிலோ யூரியா. குறுவைக்கு 30 கிலோ. பக்கத்து வயலைப் பார்த்து யூரியா வீசும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

போடும்போது தண்ணீரை வடித்து, சேறு மட்டும் ஈரமாக இருக்க, மாலையில் தூவி, மறுநாள் தண்ணீர் வையுங்கள். ஆழத் தண்ணீரில் மதியம் தூவினால், பாசியால் தண்ணீரின் காரத்தன்மை ஏறியிருக்கும் நேரம் அது. யூரியா அம்மோனியாவாகிப் பறந்துவிடும். யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம் புண்ணாக்கு 1 என்ற விகிதத்தில் ஓர் இரவு கலந்துவைத்துப் போட்டால் மெதுவாகக் கரையும். கலந்ததை நாள்கணக்கில் வைக்காதீர்கள், கசிந்துவிடும்.

கே: புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) பாசனம். மணல் கலந்த செம்மண். சாணம் வாங்கிப் போடுவதா, ஆட்டுக்கிடை கட்டுவதா? – ஒரத்தநாடு வாசகர்

ப: ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம். பழமொழி மண்ணியலோடு ஒத்துப்போகிறது: ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விரைந்து கரையும், அந்தப் போகத்துக்கே பலன் தரும். மாட்டெருவில் தழைச்சத்து அரை விழுக்காடு. 5 டன்னுக்கு 25 கிலோ. முதல் போகத்தில் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் உங்கள் மண்ணில் சத்தையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும் மட்கு குறைவு. அதற்கு மாட்டெருதான் வேண்டும். முடிந்தால் இரண்டும், ஒன்றுதான் என்றால் மாட்டெரு.

கிடை போட்டால் ஆடு கிளம்பிய ஓரிரு நாளில் மேலோட்டமாக உழுதுவிடுங்கள். மூத்திரத்தின் தழைச்சத்து வெயிலில் இரண்டே நாளில் பறந்துவிடும். குப்பையையும் வயலில் சிறு சிறு குவியலாகக் கொட்டி மாதக்கணக்கில் காயவிடுவது வீண். கொட்டும் அன்றே இறைத்து உழ வேண்டும்.

உங்கள் மண்ணுக்கு ஒரு எச்சரிக்கை: பழைய டெல்டாக் களிமண்போல் இது பொட்டாஷைப் பிடித்துவைக்காது. அடியுரமாக மொத்தமாகப் போட்டால் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். மூன்றாகப் பிரித்து, யூரியா போடும்போதே சேர்த்துப் போடுங்கள்.

கே: அந்தக் காலத்தில் ஆடியில் புதுத்தண்ணீர் வண்டலோடு வரும், உரமே வேண்டாம் என்பார்கள். இப்போது ஏன் வருவதில்லை? – திருவையாறு வாசகர்

ப: 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் ஆற்றின் வேகம் தணிகிறது, வண்டலில் பெரும்பகுதி அங்கேயே படிகிறது. கீழே வருவது தெளிந்த தண்ணீர். இன்னொன்றும் உண்டு: அன்றைய நெட்டை ரகங்கள் கொடுத்த விளைச்சலுக்கு அந்த வண்டலும் எருவும் போதுமாக இருந்தன. இன்று எடுக்கும் விளைச்சலை வண்டல் மட்டும் தாங்காது.

ஏரி, குளத்து வண்டலை வட்டாட்சியர் அனுமதி பெற்று எடுக்கலாம். ஆனால் ஏற்கெனவே களியாக இருக்கும் வயலுக்கு அதைக் கொட்டிச் செலவு செய்யாதீர்கள். பயன் மணற்பாங்கான நிலத்துக்கும் தென்னைக்கும்தான்.

கே: கடைமடை. போர் தண்ணீர் பாய்ச்சியதிலிருந்து மண் மேலே வெள்ளை பூக்கிறது, சில வயலில் கறுப்பாகப் பிசுபிசுப்பாக இருக்கிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு? – தலைஞாயிறு வாசகர்

ப: நீங்கள் சொல்வது இரண்டு வேறு நோய். வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் உப்பு. நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் போகும், ஜிப்சம் போட்டுப் பயனில்லை. கறுப்பும் பிசுபிசுப்பும் களர். மண்ணில் சோடியம் ஏறிவிட்டது, களிமண் சிதறித் தண்ணீர் உள்ளே இறங்காது. ஜிப்சம் இதற்குத்தான். எந்த வயலில் எது என்று மண்ணைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்: கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டினால் களர். ஜிப்சத்தின் அளவையும் அந்த அறிக்கையில் கேட்டு வாங்குங்கள். சாதாரண வயலுக்குச் சுண்ணாம்பு, கந்தகச் சத்துக்காகப் போடும் 200 கிலோ வேறு. களருக்கு வேண்டியது டன் கணக்கு.

முறை: வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, ஜிப்சத்தை மேலாகத் தூவி ஒரு சால் உழுது, அரையடித் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்தி, வடிகாலில் விடுங்கள். மூன்று நான்கு முறை. சோடியத்தை ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து விரட்டும். விரட்டியதை வெளியேற்ற வடிகால் வேண்டும். கடைமடையில் ஜிப்சம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் வடிகாலைத் தூர்வாராமல் ஜிப்சம் வாங்காதீர்கள். வடித்தபின் தக்கைப்பூண்டு, களரிலும் வரும். அடுத்து திருச்சி 3 போன்ற களர் தாங்கும் நெல் ரகம். ஜிங்க் சல்பேட் இந்த மண்ணுக்கு 15 கிலோ. ஆற்றுத் தண்ணீர் வரும் மாதங்களில் இதைச் செய்யுங்கள். களரை உண்டாக்கிய அதே போர் தண்ணீரால் களரைக் கழுவ முடியாது.

கே: மண் மாதிரி எடுப்பது எப்படி? போன தடவை எடுத்த இரண்டு அறிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. – மன்னார்குடி வாசகர்

ப: அறுவடை முடிந்து, எரு போடுமுன். வரப்போரம், மரநிழல், குப்பை கிடந்த இடம், வாய்க்கால் மடை ஆகியவற்றைத் தவிர்த்து, வளைந்து வளைந்து நடந்து 10–15 இடம். ஒவ்வோர் இடத்திலும் மேல் சருகை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, அந்த மண்ணைத் தள்ளிவிட்டு, குழியின் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை அரை அங்குலக் கனத்துக்குச் சீவியெடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களை நீக்கிக்கொண்டே வந்து அரை கிலோ மிஞ்சும்போது நிறுத்துங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில்.

அறிக்கை மாறுவதற்கு வழக்கமான காரணங்கள்: மேட்டு வயலையும் பள்ள வயலையும் ஒரே பையில் போட்டது, ஒரு தடவை நான்கு அங்குலம், மறுதடவை எட்டு அங்குலம் வெட்டியது, பழைய உரச் சாக்கில் மண்ணை அள்ளியது. நாகமுலாம் பூசிய இரும்பு வாளியில் எடுத்தால் துத்தநாகம் பொய்யாகக் கூடிக் காட்டும். பிளாஸ்டிக் வாளி வைத்துக்கொள்ளுங்கள்.